5629: ஒரு படிவம் பிறந்த கதை

அமெரிக்காவில் ஏழைக் குடும்பம் ஒன்று தொலைபேசி, இணையக் கட்டணத்தில் மாதம் 9 டாலர் 25 சென்ட் சலுகை பெற வேண்டுமானால், 5629 என்று எண்ணிட்ட ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். சட்டப்படியான முழுப் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வீட்டு முகவரி, அது தற்காலிக முகவரியா, எந்த அரசு உதவி கிடைக்கிறது, வீட்டில் எத்தனை பேர் என்று கேள்விகள் நீளும். அதற்குப் பிறகு உறுதிமொழிகள் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதாது. ஒவ்வொரு உறுதிமொழிக்கும் பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளைத் தனித்தனியாகப் போட வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிப்பேன், தகுதி இழந்தாலும் 30 நாளுக்குள் தெரிவிப்பேன், என் குடும்பத்துக்கு ஒரே ஒரு சலுகைதான் என்பது தெரியும், பொய் சொன்னால் அபராதமும் சிறையும் உண்டு என்பதும் தெரியும் என்று அந்த வரிசை போகிறது.

ஏதோ ஓர் அதிகாரி ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிய வரிகள் அல்ல இவை. பல வரிகள் ஒரு மோசடிக்குப் பின்னாலோ ஒரு தணிக்கை அறிக்கைக்குப் பின்னாலோ வந்து சேர்ந்தவை. லைஃப்லைன் என்கிற இந்தத் திட்டம் தொடங்கியபோது நாடு முழுவதற்குமான படிவம் என்று ஒன்றே கிடையாது. அது எப்படி வந்தது, யாருக்காக வந்தது, கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதே இந்தக் கதை.

கம்பி சாட்சி சொன்ன காலம்

1984 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் தொலைபேசிச் சாம்ராஜ்யமான பெல் அமைப்பு உடைந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கும் அரசின் நீதித்துறைக்கும் 1982-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நீதிபதி ஹரால்ட் கிரீனின் மேற்பார்வையில், உள்ளூர்ச் சேவை ஏழு வட்டார நிறுவனங்களின் கைக்குப் போனது. அதுவரை வெளியூர் அழைப்புகளின் வருமானம் உள்ளூர் இணைப்பின் செலவையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தது. பாகப்பிரிவினை ஆனதும் அந்தச் செலவில் ஒரு பங்கை நேராகச் சந்தாதாரர் மீது போட்டார்கள். 1985 ஜூனில் வீட்டு இணைப்புக்கு மாதம் 1 டாலர் என்று தொடங்கிய இந்தக் கட்டணம், 1989 ஏப்ரலில் 3.50 டாலரை எட்டியது.

பெல் உடைந்த காலத்தில் வசதியுள்ள குடும்பங்களில் நூற்றுக்கு 95 வீட்டில் தொலைபேசி இருந்தது. ஏழைக் குடும்பங்களில் 80 வீட்டில்தான் இருந்தது. கட்டணம் ஏறினால் அந்த எண்பதிலும் பலர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயம் நாடாளுமன்றமான காங்கிரஸில் எழுந்தது. நாட்டு மக்கள் எல்லோருக்கும் இயன்றவரை தகவல் தொடர்பு எட்ட வேண்டும் என்பது 1934-ம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தால் பிறந்த எஃப்சிசி, அதாவது ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம், 1985-ல் லைஃப்லைன் திட்டத்தைக் கொண்டுவந்தது. இணைப்பு வாங்கும் செலவைக் குறைக்க 1987-ல் லிங்க் அப் என்ற துணைத் திட்டமும் வந்தது. பிற்காலத்தில் 'ஒபாமா போன்' என்று கேலி செய்யப்பட்ட திட்டம் உண்மையில் ரீகன் ஆட்சியில் பிறந்தது.

மாநிலங்களும் தங்கள் பங்கைப் போட்டால்தான் மத்திய அரசின் சலுகை கிடைக்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. விண்ணப்பிப்பவர் ஏழைதானா என்று சரிபார்க்கும் வேலையும் மாநிலத்தின் பொறுப்பு. இதைவிட முக்கியமான சாட்சி ஒன்று தெருவில் இருந்தது. அதுதான் தொலைபேசிக் கம்பி. கம்பி ஒரு வீட்டுக்குள் போகிறது என்றால் அங்கே வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார், முகவரி உண்மை என்று பொருள். சலுகை போக மீதிப் பணத்தை வாடிக்கையாளர் மாதா மாதம் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு இணைப்பு வாங்கினால் இரண்டு பில் வரும். அப்படி வாங்கி லாபம் பார்க்க வழியில்லை. முகவரிச் சான்று, ஒரு குடும்பத்துக்கு ஒன்று, பயன்பாட்டில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் கம்பியும் பில்லுமே பதில் சொல்லிவிட்டன. காகிதத்துக்கு வேலை குறைவாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

நிதி வந்தது, நம்பிக்கையும் கூடவே வந்தது

1996 பிப்ரவரி 8 அன்று கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இந்த ஏற்பாட்டை அடியோடு மாற்றியது. அதன் 254-ம் பிரிவு, எல்லோருக்கும் சேவை என்ற கொள்கைக்கு ஒரு நிதியை உருவாக்கச் சொன்னது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதில் பணம் போட வேண்டும். அவை அதை வாடிக்கையாளர் பில்லில் தனி வரியாகக் காட்டி வசூலித்துக்கொண்டன. நிதியை நிர்வகிக்க யூசாக் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் 1997-ல் அமைந்தது. 1998 முதல் லைஃப்லைன் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. 2000-ல் பழங்குடி நிலங்களில் வசிப்பவர்களுக்கு மாதம் 25 டாலர் வரை கூடுதல் சலுகை சேர்ந்தது.

சலுகைப் பணம் ஏழையின் கைக்கு வருவதே இல்லை. நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த மாதம் இத்தனை லைஃப்லைன் வாடிக்கையாளர்கள், இத்தனை டாலர் என்று அன்று 497 எண் படிவத்தில் எழுதி யூசாக்கிடம் வாங்கிக்கொண்டது. தகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பும் பல மாநிலங்களில் அதே நிறுவனத்திடம் இருந்தது. ஆள் சேர்ந்தால் யாருக்குப் பணம் வருமோ, அவரே வருகிற ஆள் தகுதியானவரா என்று பார்ப்பார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கணக்குத்தான்.

2004-ல் தகுதி விதிகள் விரிந்தன. மத்திய வறுமைக் கோட்டின் 135 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களும் சேரலாம் என்றானது. வருமானத்தைக் காட்டிச் சேர்பவர் ஆவணம் காட்ட வேண்டும். ஆனால் உணவு உதவியோ மெடிகெய்ட் மருத்துவ உதவியோ பெறுகிறேன் என்று சொல்லிச் சேர்பவர், மத்திய அரசின் விதிகளையே பின்பற்றிய மாநிலங்களில், பொய் சொன்னால் தண்டனை என்ற எச்சரிக்கைக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அட்டையைக் காட்டச் சொல்லவில்லை. கம்பிவழித் தொலைபேசி வரை அது பெரிய ஓட்டையாகத் தெரியவும் இல்லை.

கம்பி அறுந்தது

2005 ஆகஸ்டில் கேட்ரினா புயல் வளைகுடாக் கரையைப் புரட்டிப் போட்டது. வீடிழந்து முகாம்களில் இருப்பவர்களுக்கு வீட்டுத் தொலைபேசிச் சலுகை கொடுத்து என்ன பயன்? அவர்களுக்கு மொபைல் சேவைக்கான தற்காலிக உதவியை ஆணையம் அனுமதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டிராக்ஃபோன் நிறுவனத்துக்கு ஒரு விலக்கும் கிடைத்தது. சொந்தக் கட்டமைப்பு இல்லாமல், பிறரது நெட்வொர்க்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் நிறுவனம் அது. சொந்தக் கட்டமைப்பு இருந்தால்தான் நிதியில் பங்கு என்ற சட்ட நிபந்தனையை லைஃப்லைனுக்கு மட்டும் அதற்குத் தளர்த்தினார்கள். 2008-ல் டென்னசியில் அந்த நிறுவனத்தின் சேஃப்லிங்க் சேவை தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன.

முன்கூட்டிப் பணம் கட்டும் மொபைல் சேவையில் மாதாந்திர பில் கிடையாது. சில நிமிடப் பேச்சுக்கான முழுச் செலவையும் சலுகைத் தொகையே ஈடுகட்டிவிடும். ஏழைக்கு அது உண்மையிலேயே பெரிய வரம். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவருக்கு, நிரந்தர முகவரி இல்லாதவருக்கு, கையோடு போகும் எண் கிடைத்தது. அதே நேரத்தில் கம்பியும் பில்லும் சொல்லிவந்த மூன்று சாட்சியமும் ஒன்றாக மறைந்தன. வாடிக்கையாளர் ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியதில்லை என்பதால், போன் டிராயரில் தூங்கினாலும் கேட்பாரில்லை. ஒருவர் பேரில் மூன்று நிறுவனம் மூன்று போன் கொடுத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

நலத்துறை அலுவலகங்களுக்கு வெளியே, கடைத்தெருக்களில், கூடாரம் போட்டு மேசை விரித்து ஆள் சேர்த்தார்கள். சேர்த்த தலைக்கு இத்தனை என்று முகவருக்குக் கமிஷன். 2008-ல் ஏறக்குறைய 82 கோடி டாலராக இருந்த லைஃப்லைன் செலவு 2012-ல் ஏறக்குறைய 220 கோடி டாலரானது. பொருளாதார மந்தத்தில் ஏழைகள் பெருகியதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் இரட்டைப் பதிவுகளும் தகுதியில்லாத சேர்க்கைகளும் இருந்தன என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

2012: கேள்விகள் பிறந்த ஆண்டு

2012 பிப்ரவரியில் ஆணையம் வெளியிட்ட சீர்திருத்த உத்தரவுதான் இன்றைய படிவத்தின் உண்மையான தாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு சலுகைதான் என்பது கறாரான விதியானது. அரசு உதவி பெறுகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது, ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்றானது. ஆண்டுதோறும் தகுதியை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். 60 நாள் தொடர்ந்து போனைப் பயன்படுத்தாவிட்டால் பெயர் நீக்கம். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வாங்குவதைக் கண்டுபிடிக்க ஒரு தேசியத் தரவுத்தளம். சலுகைத் தொகையும் 9.25 டாலர் என்று ஒரே அளவாக நிர்ணயமானது அப்போதுதான்.

இதில் குடும்பம் என்றால் என்ன என்ற கேள்வியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கம்பி இருந்தபோது ஒரு வீடு என்றால் ஒரு குடும்பம் என்று பேசாமல் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரே முகவரியில் இருவர் விண்ணப்பித்தால் என்ன செய்வது? வீடற்றோர் விடுதியில் அறுபது பேருக்கும் ஒரே முகவரி. வாடகை தாங்காமல் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் ஒண்டிக்கொண்டிருக்கலாம். ஆணையம் ஒரு விளக்கம் தந்தது: ஒரே முகவரியில், ஒரே பொருளாதார அலகாக வாழ்பவர்களே குடும்பம். அதைக் கண்டறியத் தனியாக ஒரு படிவம் பிறந்தது. அதற்கு இன்றைய எண் 5631. வயது வந்த இன்னொருவரோடு வசிக்கிறீர்களா? அவர் ஏற்கெனவே லைஃப்லைன் பெறுகிறாரா? வருமானத்தையும் செலவையும் அவரோடு பகிர்ந்துகொள்கிறீர்களா? ஒரே கூரைக்கடியில் அடுப்பு ஒன்றா இரண்டா என்று அரசாங்கம் கேட்கிறது. மகனோடு வசிக்கும் தாய் மளிகைச் செலவை மட்டும் பங்கிட்டுக்கொண்டால் அது ஆமாவா இல்லையா? பேனாவோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். தப்பாகப் போனால் தண்டனை என்ற வரியும் அவர் கண்முன்னே இருக்கும்.

ஆண்டுச் சரிபார்ப்பின் முதல் அறுவடை பெரும் தலைப்புச் செய்தியானது. நிதியிலிருந்து அதிகம் பெற்ற ஐந்து நிறுவனங்களின் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களில் 41 சதவீதத்தினர் தகுதியை நிரூபிக்கவில்லை அல்லது பதிலே அனுப்பவில்லை என்று 2013 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அந்த 'அல்லது' என்ற சொல்லில்தான் சூட்சுமம். பதில் அனுப்பாதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் அல்ல. முகவரி மாறி, கடிதம் போய்ச் சேராமல், சேர்ந்தாலும் விளம்பரக் காகிதம் என்று தூக்கிப் போட்டுத் தவறவிட்டவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். மோசடியையும் மறதியையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டிச் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

காகிதத்தைக் குறைக்கச் சொல்லும் சட்டம்

படிவத்தைக் கூர்ந்து பார்த்தால் 3060-0819 என்ற இன்னொரு எண் கண்ணில் படும். அதற்கு வேறொரு பூர்வீகம் உண்டு. அரசு மக்களிடம் அளவுக்கு மீறிக் காகிதம் கேட்கிறது என்ற புகார் அமெரிக்காவில் பழையது. 1942-லேயே ஒரு சட்டம் வந்தது. 1980-ல் கார்ட்டர் கையெழுத்தில் காகிதப்பணிக் குறைப்புச் சட்டம் வந்து, 1995-ல் திருத்தி எழுதப்பட்டது. அதன்படி பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே மாதிரிக் கேள்வி கேட்க விரும்பும் மத்திய அமைப்பு எதுவும் வெள்ளை மாளிகையின் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு முன் 60 நாள், பிறகு 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்டு அரசிதழில் அறிவிக்க வேண்டும். நிரப்ப எத்தனை மணி நேரமாகும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒப்புதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான். செல்லத்தக்க எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. லைஃப்லைன் விதிகளுக்குக் கிடைத்த எண்தான் 3060-0819. 2012 உத்தரவின் ஆவண விதிகளும் இந்த வாசலைத் தாண்டிய பிறகே நடைமுறைக்கு வந்தன.

நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் அது மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறது. படிவம் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமலே போனவர்களை எண்ண அதில் கட்டம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே படிவம்

2016 மார்ச் 31 அன்று ஆணையம் லைஃப்லைனை இணையச் சேவைக்கும் விரித்தது. தகுதி தரும் திட்டங்களின் பட்டியல் சுருங்கியது. உணவு உதவித் திட்டமான ஸ்னாப், மெடிகெய்ட், எஸ்எஸ்ஐ வருமான உதவி, அரசு வீட்டு உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் ஆகியவை அதில் இடம்பெற்றன. பழங்குடி நிலங்களுக்கு உரிய திட்டங்கள் சிலவும் தொடர்ந்தன. பள்ளி மதிய உணவும் எரிபொருள் உதவியும் பட்டியலிலிருந்து போயின. பூனையைக் காவலிலிருந்து எடுத்துவிடும் முடிவும் அதே உத்தரவில்தான் வந்தது. இனி தகுதியை நிறுவனம் பார்க்காது, தேசியச் சரிபார்ப்பு அமைப்பு பார்க்கும்.

அது முழுதாக வருவதற்குள் 2017-ல் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஒரு அறிக்கை வெளியிட்டது. 35 லட்சம் பேரைச் சோதித்ததில் ஏறக்குறைய 36 சதவீதம் பேர் தாங்கள் குறிப்பிட்ட அரசுத் திட்டத்தில் இருக்கிறார்களா என்பதை அந்த அமைப்பால் உறுதிசெய்ய முடியவில்லை. இறந்துவிட்டதாகப் பதிவான 6,378 பேரும் பட்டியலில் இருந்தார்கள். அதிகாரிகள் மாறுவேடத்தில் விண்ணப்பித்தபோது 19 நிறுவனங்களில் 12, பொய் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டன.

அதுவரை ஆளுக்கொரு நிறுவனம் தனக்கொரு விண்ணப்பம் வைத்திருந்தது. 2018-ல் சேர்வதற்கு 5629, ஆண்டுச் சரிபார்ப்புக்கு 5630, குடும்பக் கேள்விக்கு 5631 என்று நாடு முழுவதற்கும் ஒரே படிவங்கள் வந்தன. அதே ஆண்டு ஜூனில் கொலராடோ, மிசிசிப்பி, மொன்டானா, நியூ மெக்சிகோ, யூட்டா, வயோமிங் ஆகிய ஆறு மாநிலங்களில் சரிபார்ப்பு அமைப்பு இயங்கத் தொடங்கியது. மெடிகெய்ட் பட்டியலோடு மத்திய அளவிலேயே இணைப்புக் கிடைத்தது. ஸ்னாப் பட்டியலோ ஒவ்வொரு மாநிலத்திடமும் தனித்தனியாக இருக்கிறது. தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் போட வேண்டும். கணினி பொருத்திக் கண்டுபிடித்தால் விண்ணப்பம் நிமிடத்தில் முடிந்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் ஆவணங்களைத் தேடி எடுத்து, படம் பிடித்து அனுப்பிக் காத்திருக்க வேண்டும். 2018 ஜூன் முதல் 2020 ஜூன் வரை அப்படிக் கைவழிப் பரிசீலனைக்குப் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரின் விண்ணப்பம் நிறைவேறவில்லை என்று அதே ஜிஏஓ 2021-ல் சொன்னது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பெரிய தொகை எங்கே போனது என்று பார்த்தால் படிவத்தின் முகவரி தப்பு என்பது புரியும். டோட்டல் கால் மொபைல் நிறுவனத்தின் முகவர்கள் பிறருடைய உணவு உதவி அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி ஆள் சேர்த்த வழக்கு 2016 இறுதியில் 3 கோடி டாலருக்குச் சமரசமானது. ஸ்பிரிண்ட் கதை இன்னும் பெரிது. போனைப் பயன்படுத்தவே செய்யாத 8,85,000 பேருக்கு அது சலுகைப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. ஓரிகன் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில்தான் இது வெளிப்பட்டது. 2020 நவம்பரில் 20 கோடி டாலர் கட்ட ஸ்பிரிண்ட் ஒப்புக்கொண்டது. அந்த 8,85,000 பேரில் யாரும் பொய்ப் படிவம் எழுதித்தான் இது நடந்தது என்றில்லை. பயன்படுத்தாதவர் பெயரை நீக்கும் கடமை நிறுவனத்துடையது.

தலைக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை எஃப்சிசி தடை செய்தது 2019 நவம்பரில். ஏழையிடம் ஆவணம் கேட்கத் தொடங்கி ஏழு ஆண்டுக்குப் பிறகு!

காகிதம் இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில் ஆண்டுச் சரிபார்ப்பை நிறுத்தி வைத்தார்கள். 2022 டிசம்பரில் வந்த பாதுகாப்பான இணைப்புகள் சட்டம், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வெளியேறுபவர்களுக்கு, வழக்கமான தகுதி இல்லாவிட்டாலும் ஆறு மாதம் வரை லைஃப்லைன் கொடுக்க வழி செய்தது. கட்டிய துணியோடு வெளியேறியவரிடம் வருமானச் சான்று கேட்பதில் நியாயமில்லை என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

சரிபார்ப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பொதுப்பணம் போகும் இடத்தில் கேள்வி இருக்கத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பிப்பவர் ஸ்னாப்பில் இருக்கிறாரா என்பது அரசுக்கே தெரிந்த விஷயம். அரசின் ஓர் அலமாரியில் உள்ள தகவலை இன்னோர் அலமாரிக்கு எடுத்துப் போகும் கூலியில்லா வேலையை ஏழையிடம் கொடுப்பது நிர்வாகம் ஆகாது. மீதி மாநிலங்களின் பட்டியல்களும் இணைந்துவிட்டால் 5629-ல் பாதிக் கேள்விகளுக்கு அவசியமே இருக்காது. எந்த அரசும் எந்த நலத்திட்டத்துக்கும் படிவம் அச்சிடும் முன் தன் அலமாரியை ஒரு முறை திறந்து பார்க்கட்டும்.

2012-ல் 9.25 டாலர் என்று வைத்த சலுகை அதற்குப் பிறகு உயரவே இல்லை. அந்த ஆண்டுகளில் வளர்ந்தது படிவம் மட்டும்தான்.